பொழுது சாயும் வேளையில் பேரூர்

கொங்கு நாட்டில் மாலைப் பொழுதைப் 'பொழுதோட' என்று சொல்வது வழக்கம். பகலும் இரவும் ஒன்றையொன்று தொடும் அந்த நேரமே அந்தி, வடமொழியில் சந்தியா. சூரியன் மறைந்த பின்னும் மேல்வானத்துக் காற்று அதன் ஒளியைச் சிதறடித்து நமக்குத் தந்துகொண்டிருப்பதால்தான் உடனே இருள் சூழ்வதில்லை. நம் பகுதியில் இந்த வெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக நிற்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரம் வரை நீடிக்கும். நமக்கு வாய்த்தது சிறிய அந்தி. அதைத் தவறவிடாமல் காண்பதற்கு உகந்த தலம், கோவைக்கு மேற்கே சிறுவாணிச் சாலையில் நொய்யற்கரையில் விளங்கும் பேரூர்.

மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர் எழுந்து நிற்பதால், பஞ்சாங்கம் குறிக்கும் அஸ்தமனத்துக்குச் சற்று முன்னரே கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறான். கிழக்கு நோக்கிய ஆலயத்தின் வாயிலில் நின்றால், கோபுரத்துக்குப் பின்னே வானம் சிவப்பதைக் காணலாம்.

இறைவன் பட்டீசுவரர்; அம்பிகை பச்சைநாயகி. காமதேனுவின் கன்றாகிய பட்டி துள்ளி விளையாடுகையில் அதன் குளம்பு ஒரு புற்றில் சிக்கியது. புற்றுக்குள் இருந்தது சிவலிங்கம். தாய்ப்பசு பதறி நிற்க, 'கன்றின் சுவட்டை மகிழ்ந்து ஏற்றோம்' என்று பெருமான் அருளினார் என்கிறது தலவரலாறு. அந்தக் குளம்புச் சுவட்டை இன்றும் திருமேனியில் தரிசிக்கிறோம். கொங்கு நாட்டு உழவர் ஆடுமாடுகளை அடைக்கும் இடத்துக்கும் பட்டி என்றே பெயர். மேய்ச்சல் முடிந்து கால்நடைகள் புழுதி எழுப்பிக்கொண்டு பட்டிக்குத் திரும்பும் நேரத்தைக் கோதூளி வேளை என்று முன்னோர் மங்கலமாகப் போற்றினர். கன்றின் பெயரால் வழங்கும் இறைவனை அந்த வேளையில் வணங்குவதில் தனிப் பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றும். இன்று அந்தச் சாலையில் புழுதி எழுப்புபவை பெரும்பாலும் பேருந்துகளே!

பதினேழாம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்த கனகசபையில் நடராசப் பெருமான் எழுந்தருளியிருக்கிறார். மேலைச் சிதம்பரம் என்ற பெயர் இத்தலத்துக்கு வந்தது இதனால்தான். விதானத்திலிருந்து தொங்கும் கற்சங்கிலிகளையும், ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி சிற்பங்களையும் பகலில் பார்த்துவிடுங்கள். அந்தியில் கூத்தன் திருமுன் நிற்பதற்கே நேரம் சரியாக இருக்கும். சிவபெருமான் ஆடுவது சந்தியா காலத்தில் என்பது மரபு; பிரதோஷ வழிபாடும் அதனாலேயே மாலையில் அமைந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் உறங்காதே, வீட்டைப் பெருக்காதே, கடன் கொடுக்காதே என்றெல்லாம் நம் பாட்டிமார் சொன்னதுண்டு. வீட்டார் யாவரும் ஒன்றாக இருக்கவேண்டிய பொழுது அது என்பதைக் காக்கவே இவ்விதிகள் தோன்றியிருக்கும் என்று நான் கருதுகிறேன். இன்று பல இல்லங்களில் விளக்கேற்றும் கையும் அதை வணங்கும் கையும் ஒருவருடையவே. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். அப்படிப்பட்ட முதியோர் பலருக்கு மாலை நேரமே கனக்கிறது.

அவர்களிடம் பேரூரைப் பற்றிப் பேசினால் பேச்சு விரைவில் இறுதிக் காலத்துக்குப் போய்விடும். இங்கு இறவாப்பனையும் பிறவாப்புளியும் உண்டு. நொய்யலில் இட்ட எலும்பு கல்லாகும் என்பது நம்பிக்கை. முன்னோர்க்கு நீர்க்கடன் செய்யும் படித்துறையும் இதுவே. 'போகிற காலத்துக்கு உரிய தலம்' என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. சுந்தரர் பொருள் நாடி இத்தலத்துக்கு வந்தபோது, பெருமான் எங்கே இருந்தார்? அம்பிகையோடு உழவர் கோலத்தில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்! இருக்குமிடத்தைக் கண்ணால் காட்டிக்கொடுத்த நந்தியின் தாடையை மண்வெட்டியால் வெட்டியதாகவும் கதை சொல்கிறது. ஆனி மாதத்தில் நாற்று நடவு விழா இன்றும் இங்கு நடைபெறுகிறது. பிறவாப்புளி நிற்கும் ஊரிலேயே இறைவன் சேற்றில் இறங்கிப் பயிர் வைத்திருக்கிறார்.

உக்கடத்திலிருந்தும் காந்திபுரத்திலிருந்தும் நகரப் பேருந்துகள் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே படித்துறையைப் பார்த்துவிட்டுச் சாயரட்சைக்குச் சந்நிதிக்கு வந்துவிடுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது.