புதுப்பேட்டையில் தாத்தாவும் ஒரு ஹெரால்டும்!

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி, கூவம் வாசனையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தீங்கன்னா புதுப்பேட்டை வந்துடும். அட்ரஸே கேட்க வேணாம். ஒரு கடை முழுக்க கார் கதவு, பக்கத்துக் கடையில வெறும் ஸ்டீயரிங், எதிர்ல மலையா டயர். கார்களுக்கு சொர்க்கம், நரகம் ரெண்டும் இதுதான் பாஸ்!

நான் அங்கே போனது தாத்தாவோட. கூடவே அவரோட 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. "காயலான் கடைக்குப் போட்டுடலாம்ப்பா, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது"ன்னு அப்பா முடிவே பண்ணிட்டார். இத்தனைக்கும் இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு. வில்லன், கதவு! ஒரு ஒர்க்‌ஷாப்ல பட்டி, டிங்கரிங்னு பதினெட்டாயிரம் வாங்கினாங்க. ரெண்டே வாரம்தான். மறுபடி கதவு மேலே உரசுது, கீழே விரல் நுழையுது. பானெட் ஒரு பக்கம் தூக்கி, வாயைக் கோணிக்கிட்டு சிரிக்குது.

ஹெரால்டு கதையே தனி. 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு'ன்னு பொறந்த கார். டிசைன், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. மொத்த பாடியையும் ஒரே கூடா செஞ்சு தர அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கலை. அதனால தனி சேஸிஸ் மேல முன்பாதி, பின்பாதி, கூரைன்னு துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டிட்டாங்க. 1961-லிருந்து அதே கார் நம்ம பெருங்களத்தூர் ஃபேக்டரியில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆச்சு. அங்கே பாடி மாட்டுற செக்‌ஷன்லதான் தாத்தாவுக்கு வேலை.

டிங்கர் அண்ணன் கதவு ஓரத்தைத் தேய்க்க மெஷினை எடுத்தார். தாத்தா தடுத்துட்டார். "கதவு மேல தப்பில்ல தம்பி. அது நிக்கிற இடம் தப்பு. கீழ பாரு."

குனிஞ்சு பார்த்தா, சேஸிஸ்லேர்ந்து பக்கவாட்டில் நீட்டி பாடியைத் தாங்குற இரும்புக் கை துருப்பிடிச்சு தொங்கிப்போய் இருக்கு! நடுவுல பாடி இறங்கினா கதவு எப்படி ஒழுங்கா மூடும்?

அதை வெட்டி, புதுசா வெல்டிங் வைக்க ரெண்டு நாள். மூணாவது நாள்தான் நிஜமான வேலை. சமதளத்தில், ஜாக்கி இல்லாம நாலு சக்கரத்திலேயே வண்டி நின்னுச்சு. எல்லா போல்ட்டையும் லூஸ் பண்ணி, முதல்ல பின்பாதி, அப்புறம் கதவு, அப்புறம் முன்பாதி. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இங்கே ஒரு வாஷர், அங்கே ரெண்டு. மூணு ஒரு ரூபாய் காசைச் சேர்த்துப் பிடிச்சு, கதவு இடுக்கில் மேலேர்ந்து கீழே வரை ஓட்டிப் பார்த்தார் தாத்தா. எங்கேயும் சிக்காம, ஆடாம போகணும். அதுவரைக்கும் ஒரு போல்ட்டைக்கூட இறுக்க விடலை. பானெட் கடைசியில்தான். "இன்னா பெரியவரே, எங்களுக்கே க்ளாஸ் எடுக்கறியே!"ன்னு அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது தாத்தா ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். 1980-கள் முடியறதுக்குள்ள ஃபேக்டரி நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. பழைய கேட் இருந்த இடம்னு ஒரு ஓரத்தைக் காட்டினார். இறங்கினார். கதவை ஒரே ஒரு தடவை சாத்தினார். 'டப்!'

"இப்படித்தான்டா சத்தம் வரணும்"னு சொல்லிட்டு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒண்ணுமே பேசலை. தன் ஸ்கூட்டரை நகர்த்தி வாசல்ல இடம் விட்டார்.

பழைய கார் வெச்சிருக்கிற ஃப்ரெண்ட்ஸ்... சுத்தியலைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழே குனிஞ்சு பாருங்க!