போஸ்கோ என்றால் காடு

என் பெயருக்கு முன்னால் 'போ' என்று ஓர் எழுத்து நிற்கிறது. தொடக்கப் பள்ளியில் வருகைப் பதிவேட்டை ஆசிரியை வாசிக்கும்போது, "போ. அருள்மேரி" என்றதும் வகுப்பே சிரிக்கும். இடைவேளையில், "போ அருள்மேரி, போ!" என்று தோழியர் விரட்டுவார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். தச்சு வேலை செய்யும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அன்றிரவு ஆயா சொன்னார்கள்: "உங்கப்பன் பிறந்தது தை மாசம், தொன் போஸ்கோ திருநாள். சாமியார்தான் அந்தப் பேரை வைத்தார்." அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று அறியும் ஆவல் அன்றுதான் பிறந்தது. பின்னாளில் எங்கள் அருட்சகோதரி ஒருவரிடமும் நூலகத்திலும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

'தொன்' என்பது இத்தாலியில் குருக்களுக்கு உரிய மரியாதைச் சொல். ஆண்டவர் எனப் பொருள்படும் 'தோமினுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'போஸ்கோ' என்பது குடும்பப் பெயர். அதன் பொருள் காடு. இடைக்கால லத்தீனில் 'போஸ்குஸ்'. பழைய லத்தீனிலோ காட்டுக்கு 'சில்வா' என்று பெயர். இலங்கையில் பலர் கொண்டுள்ள 'டி சில்வா' போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. நம் வகுப்புகளில் உள்ள சில்வியாக்களும் அந்தக் காட்டுப் பிள்ளைகளே!

இப்பெயரைக் கொண்டவர் பலர். தூரின் நகரில் பிறந்த பர்த்தலோமேயோ போஸ்கோ (1793–1863) ஐரோப்பா எங்கும் புகழ்பெற்ற செப்படி வித்தைக்காரர். பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி போஸ்கோ 1888இல் பிறந்தார். நம் புனிதரின் வரலாற்றையும் எழுதினார். புனித ஜான் போஸ்கோ 1815இல் பெக்கி என்னும் சிற்றூரில் ஏழை உழவர் வீட்டில் பிறந்து, அதே 1888இல் சனவரி 31 அன்று இறைவனடி சேர்ந்தார். குருமடத்தில் இன்னொரு போஸ்கோவும் படித்தாராம். அவர் வேடிக்கையாகத் தம்மைக் கெட்டியான மரம் என்று சொல்ல, நம் போஸ்கோ தம்மை வளைந்து கொடுக்கும் மரம் என்றாராம்.

1906இல் சலேசிய சபையார் தஞ்சாவூருக்கு வந்தனர். 1951இல் நம் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி தொடங்கியது. இத்தாலியில் தந்தை வழியாகத் தலைமுறைகள் தோறும் தொடரும் குடும்பப் பெயர், இங்கே பிள்ளைகளுக்கு இடும் சொந்தப் பெயராயிற்று. ஜவ்வாது மலையின் அடிவாரத்திற்குக் 'காடு' என்ற பெயர் கடல் கடந்து வந்து சேர்ந்தது விந்தையல்லவா?

ஆனால் நம் வழக்கில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக ஒரு தலைமுறையே நிற்கும். நாளை என் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் 'போ' இராது. நான் வெறுத்த அந்த எழுத்து என்னோடு முடிந்துவிடும் என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது.

சென்ற ஞாயிறன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று கேட்டதற்காக மன்னிப்பும் கேட்டேன். மரச்சுருள்களைக் கூட்டிக்கொண்டே அவர் சிரித்தார். "மரத்தை அறுத்துத்தானே சோறு தின்கிறேன். என் பேரே காடா?" என்றார்.

இவ்வாண்டு என் நோட்டுப் புத்தகங்களில் எல்லாம் 'போஸ்கோ அருள்மேரி' என்று முழுமையாக எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் மட்டும் அதே ஓரெழுத்துத்தான். ஆசிரியை "போ" என்று தொடங்கும்போது இப்போது நான் தலைகுனிவதில்லை. எழுந்து நின்று, உரத்த குரலில், "உள்ளேன் அம்மா!" என்கிறேன்.