ஒட்டு தெரியட்டும்

அன்புவழிபுரத்தில் நான் வழமையாகச் சந்திக்கும் அக்கா ஒருவர், ஒருநாள் பின்னேரம் கையில் ஒரு படத்துடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகளின் கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கலியாண அல்பத்தின் முதற்பக்கத்தில் அப்பா, அம்மா, தான் மூவரும் சேர்ந்திருக்கும் படம் வேண்டுமென்று மகள் ஆசைப்பட்டிருக்கிறாள். அப்படியொரு படம் அவர்களிடம் இல்லை. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது பழைய அல்பம் வீட்டோடு போய்விட்டது. 2007 இல் கணவர் காணாமற் போனார். அப்போது அவருக்கு 31 வயது, மகளுக்கு 4 வயது. மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கென்று எடுத்த சிறிய படம் ஒன்றுதான்.

அந்தப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, குடும்பமாகச் சேர்த்துத் தரும்படி கேட்டிருக்கிறார். இவ்வாறு பிரிந்தவர்களையும் இறந்தவர்களையும் ஒரே படத்தில் சேர்த்துத் தருவது எமது பகுதி ஸ்டூடியோக்களில் பழகிப்போன வேலை. அக்கா கொண்டுவந்திருந்தது அவர்கள் செய்து கொடுத்த படத்தை.

“பாருங்கோ பிள்ளை, கோட்டும் போட்டு, மாலையும் போட்டு வைச்சிருக்கிறாங்கள். அவர் இல்லையெண்டு நான் எப்ப சொன்னனான்?”

நான் என்ன பதில் சொல்வது? படத்தைச் செய்தவர் தீய எண்ணத்துடன் செய்திருக்க மாட்டார். பழைய படத்தோடு வரும் பெண் என்றால் கணவர் இறந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு மாலையைப் போடுவதன் மூலம், இத்தனை வருடங்களாக அக்கா சொல்ல மறுத்த ஒன்றை அவர் சொல்லிவிட்டார். காணாமற் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத பெண்கள் எத்தனையோ பேர். அவர் காணாமற் போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெறும் வழிகூட 2016 இல்தான் சட்டத்தில் வந்தது.

“நாங்களே செய்து பார்ப்பம் அக்கா” என்றேன்.

அலுவலகத்துப் பழைய கணினியில் ‘கிம்ப்’ என்ற மென்பொருள் இருந்தது. ‘போட்டோஷொப்’ போன்றதுதான், ஆனால் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. மூவரும் ஒன்றாக நின்று எடுத்ததுபோலச் செய்யாமல், உள்ளவற்றை அருகருகே வைத்து ஓர் ஒட்டுப்படம் செய்வதென்று முடிவெடுத்தோம்.

ஒட்டுப்படம் பெண்களுக்குப் புதியதல்ல. ஜேர்மனியைச் சேர்ந்த ஹன்னா ஹோக் என்ற பெண், பேர்லினில் ஒரு பதிப்பகத்தில் பெண்கள் சஞ்சிகைகளுக்குத் தையல், பின்னல் மாதிரிகள் வரைந்து சம்பாதித்தவர். முதலாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் சஞ்சிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டி அவர் செய்த படங்கள் இன்று நூதனசாலைகளில் உள்ளன. அவர் கத்தரிக்கோலால் செய்ததை நாம் ‘மவுசால்’ செய்கிறோம்.

மகளும் வந்து உட்கார்ந்தாள். அடையாள அட்டைப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தோம். அப்படிச் செய்தால் இரண்டு மடங்கு பெருப்பித்து அச்சிட்டாலும் முகம் கலங்காது. அக்கா தன் கூறைச் சேலையைக் கொண்டுவந்தார். இடப்பெயர்வின்போது உரப்பையில் போட்டுத் தூக்கி வந்த சேலை. அதன் கரையையும் ஸ்கேனரில் வைத்து மூடினோம். மகளின் முன்பள்ளிப் படம், கணவர் கையொப்பமிட்ட ஒரு பற்றுச்சீட்டு, மீள்குடியேற்றத்தின் பின் சம்பூரில் போய் எடுத்த கிணற்றின் படம் என்பனவும் சேர்ந்தன.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு படமும் ஒவ்வோர் அடுக்கில் இருக்கும். கண்ணாடித் தாள்களில் ஒட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தது போல என்று விளங்கப்படுத்தினேன். ஒன்றை நகர்த்தினால் மற்றது கெடாது. அடியில் சேலை, அதன்மேல் கிணறு, அதன்மேல் முகங்கள். வேண்டாத பகுதியை அழிக்காமல் ‘மாஸ்க்’ போட்டு மறைத்தால் பிறகு திரும்ப எடுக்கலாம். அக்கா எனக்குப் பின்னால் நின்று “இன்னும் கொஞ்சம் கிட்ட… காணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவருக்குப் பக்கத்தில் தன் இப்போதைய படத்தை வைத்ததும் அக்கா சிரித்துவிட்டார். “என்ர தம்பி மாதிரியெல்லோ இருக்கிறார்!” அவருக்கு இப்போது 47 வயது. மகள் உடனே தன் கைத்தொலைபேசியை எடுத்தாள். முகத்தை வயதாக்கிக் காட்டும் செயலி ஒன்றில் தகப்பனின் படத்தைப் போட்டு, நரைத்த தலையுடன் தாயிடம் நீட்டினாள். அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஆரோ ஒரு மனுசன். இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு அவர் வந்துதான் காட்டோணும்.”

மகள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டாள். 31 வயதுக்காரரையே, சட்டைக் கழுத்து கசங்கியிருந்தபடியே வைத்தோம். அவரைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிந்தது. அதை மங்கலாக்கவா என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை, ஒட்டு தெரியட்டும். ஒரே நாளில எடுத்த படம் எண்டு ஆரும் நினைக்கக் கூடாது” என்றார்.

சமூகவியல் மாணவியாக இருந்தபோது, குடும்பப் படம் குடும்பத்தின் ஒற்றுமையைக் காட்டவும் காக்கவும் எடுக்கப்படுகிறது என்று படித்திருக்கிறேன். பிரிக்கப்பட்ட குடும்பம் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்துப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும் என்பதை அன்று அக்காவிடம் படித்தேன்.

சகோதரிகளே, நீங்களும் இவ்வாறான படம் செய்விக்க விரும்பினால் சிலவற்றை மறக்க வேண்டாம். பழைய படத்தை ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் இருந்து ஸ்கேன் செய்வித்து, கையோடு வாங்கி வாருங்கள். திருத்தம் எதுவும் செய்யாத ஒரு பிரதியை வேறாகச் சேமித்து, நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். ‘ஜேபெக்’ படத்தைத் திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் தெளிவு குறைந்துகொண்டே போகும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ விசாரணைகளுக்கோ திருத்தாத படத்தின் பிரதியையே கொடுங்கள். கோட்டுப் போட்ட படமோ வெளிறாக்கிய முகமோ தேடுவதற்கு உதவாது. மாலை வேண்டுமா, வேண்டாமா என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட்ட அந்தப் படம் இப்போது கலியாண அல்பத்தின் முதற்பக்கத்தில் இருக்கிறது. சிறிய அடையாள அட்டைப் படத்தை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, அக்கா தன் பேர்சில் பத்திரமாக வைத்திருக்கிறார்.