சிவப்பு ஒயில் எங்கே போனது?

கராஜில் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை வாசிக்கிற வேலை. கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் கம்பஸ் மூடிக் கிடந்த நாட்கள் அவை. நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்தியின் தாய்மாமா யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருக்கிறார். "சும்மாதானே இருக்கிறியள், வந்து இந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கூப்பிட்டார். புத்தகம் என்று அவர் சொன்னது போனில் வந்த ஒரு பி.டி.எஃப். மிற்சுபிஷி லான்சர் எவலூஷன் 9 இன் திருத்தக் கையேடு.

கார் கொழும்பில் வேலை செய்கிற ஓர் அண்ணையுடையது. கல்யாண வீடொன்றுக்காக ஏ9 வீதியால் ஓடிக்கொண்டு வந்திருக்கிறார். வவுனியா தாண்டி மாடு ஒன்று குறுக்கே வர, பிறேக்கை இறுக்கி அமத்தியிருக்கிறார். மாடு தப்பிவிட்டது. ஆனால் டாஷ்போர்டில் டார்மக், கிராவல், ஸ்னோ என்ற மூன்று லைற்றும் ஒன்றாக எரிந்தன. காரை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ண அணைந்தன. பளைக்குக் கிட்ட ஒரு லொறியை முந்தும்போது மறுபடி எரிந்தன. ஐந்து நாளில் அவர் திரும்பிப் போகவேண்டும்.

மாமாவுக்கு லான்சர் புதிதில்லை. சாதாரண லான்சர்கள் எத்தனையோ அவருடைய கையால் போயிருக்கின்றன. "பேர் ஒண்டுதான், இது வேற சாதிப் பிள்ளை" என்றார். எவோவை நாங்கள் அதுவரை தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் ஓட்டப் பந்தய வீடியோக்களில், புழுதி கிளப்பிக்கொண்டு போகிற காராகத்தான் பார்த்திருந்தோம். கராஜ் முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே நின்றபோது அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

கையேட்டை இரண்டு இரவு வாசித்தோம். விளங்கியது இதுதான். நாலு சில்லுக்கும் என்ஜினின் வலு போகிற காரில், வளைவு ஒன்றில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதற்காக நடுவில் ஒரு டிஃபரன்ஷல் இருக்கிறது. ஆனால் சேற்றிலோ மணலிலோ அந்த விட்டுக்கொடுப்பே பிரச்சினையாகிறது. பிடிப்பில்லாத சில்லு வீணாகச் சுற்ற, பிடிப்புள்ள சில்லு சும்மா நிற்கும். அதனால் டிஃபரன்ஷலோடு ஒரு கிளச் பிளேட் கட்டை வைத்து, ஒயில் அமுக்கத்தால் அதை நெரித்து முன்னையும் பின்னையும் தேவையான அளவுக்குக் கட்டிப்போடுகிறார்கள். எவ்வளவு நெரிப்பது என்பதை ஸ்டியரிங், வேகம், பிறேக் எல்லாவற்றையும் பார்த்துக் கணினி தீர்மானிக்கிறது. இதற்குப் பெயர் ஏ.சி.டி. 2001 இல் எவோ 7 உடன் வந்தது. பின் சில்லுகளில் இடதுக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிற ஏ.வை.சி அதற்கு முதலே, 1996 இல் எவோ 4 உடன் வந்துவிட்டது.

இந்தக் காரில் இரண்டுக்கும் ஒரே மின்சாரப் பம்ப்தான் அமுக்கம் கொடுக்கிறது. பம்ப் பின்பக்கம் இருக்கிறது. அதற்கான ஒயில் தாங்கி டிக்கிக்குள், வலப்பக்க உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பொனட்டைத் திறந்து ஒயில் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படி ஒரு தாங்கி இருப்பதே தெரியவராது. அமுக்கம் கிடைக்காவிட்டால் கணினி மூன்று லைற்றையும் எரியவிட்டு நெரிப்பதை நிறுத்திவிடும். கார் ஓடும். ஆனால் வளைவில் தன்னைப் பிடித்து வைத்திருந்த ஒரு கை இல்லை என்பது ஓடுகிறவருக்கு வளைவுக்குள் போன பிறகுதான் தெரியும்.

டிக்கி உறையைக் கழற்றிப் பார்த்தோம். ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. பிறேக் பிடிக்கும்போதும் வளைக்கும்போதும் தாங்கிக்குள் மிச்சமிருக்கிற ஒயில் ஒரு பக்கமாய் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. கையேட்டில் சொன்ன ஏ.ரி.எஃப் எஸ்.பி. 3 என்ற சிவப்பு ஒயிலை மாமா தேடி எடுத்து ஊற்றினார். நல்லூர்ப் பக்கம் ஒரு சுற்று ஓடிப் பார்த்தோம். லைற் எரியவில்லை. அண்ணை எங்கள் எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் பார்க்க, அளவு இறங்கியிருந்தது.

இனித்தான் நாங்கள் விட்ட பிழை. காரின் பின்பக்கம் முழுவதும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. இணையத்தில் தேடினோம். இங்கிலாந்து எவோக்காரர் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள்: பனிக்காலத்தில் வீதிக்குத் தூவுகிற உப்பு பம்பை அரித்துவிடுகிறது, பம்ப் போனால் முழுசாக மாற்றவேண்டும். உப்பு என்றதும் எங்களுக்குள் மணி அடித்தது. ஆனையிறவு, கடல்காற்று, ஜப்பானின் பனி என்று கதையைக் கோர்த்துவிட்டோம். மாமாவிடமும் அண்ணையிடமும் "பம்ப் போயிற்று" என்று சொன்னோம். சந்தேகமாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வாசித்தவர்கள் சொல்வது போலச் சொன்னோம்.

அண்ணை கொழும்புக்கு போன் எடுத்து விலை கேட்டார். பாவித்த பம்புக்கே லட்சங்களில் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

மாமா மட்டும் ஒன்று கேட்டார். "பம்ப் பழுதெண்டா அமுக்கம் குறையும், சரி. ஒயில் ஏன் பிள்ளையள் குறையுது? குடிக்குதோ?" எங்களிடம் பதில் இல்லை. அமுக்கக் குறைவும் ஒயில் குறைவும் இரண்டு வேறு முறைப்பாடுகள் என்பதை அதுவரை பிரித்தே யோசிக்கவில்லை. அமுக்கத்தைச் சேமித்து வைக்கிற குடுவை ஒன்று இந்த அமைப்பில் உண்டு, அது நிரம்பியிருக்கும்போது தாங்கியில் ஒரு அளவும் வெறுமையாகும்போது இன்னொரு அளவும் காட்டும், அதுவாய் இருக்கலாம் என்று சமாளித்தோம். சொல்லும்போதே தெரியும், நிறுத்தி வைத்த காரில் அமுக்கம் இறங்கினால் தாங்கியில் ஒயில் ஏறவேண்டும், இறங்கக்கூடாது.

கராஜில் ஒரு பெடியன் வேலை செய்கிறான். கிளிநொச்சிப் பக்கம். பதினெட்டு வயது, ஓ.எல் முடிய வந்தவன். முதல் நாளே எங்களிடம் வந்து, "அண்ணை, முன்னுக்குக் கீழ சிவப்பாக் கசியுது" என்று சொன்னான். நாங்கள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது பவர் ஸ்டியரிங் ஒயில் தம்பி. ரெண்டும் ஒரே நிறம். இந்தத் தாங்கி பின்னுக்கெல்லோ இருக்கு" என்றோம். அவன் "ஓம்" என்று போய்விட்டான்.

போனவன் சும்மா இருக்கவில்லை. பவர் ஸ்டியரிங் தாங்கியில் ஒயில் நின்ற இடத்தில் பேனையால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறான். மூன்றாம் நாள் காலை மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒயில் கோட்டிலேயே நின்றது. "கசியுறது பவர் ஸ்டியரிங் எண்டா இது குறையவேணுமே?"

பிறகு அவன் செய்ததை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். காரின் முன்பகுதிக் கீழ்ப்புறத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவிட்டு, மூட்டுகள் எல்லாவற்றிலும் முகத்துக்குப் பூசுகிற குட்டிக்கூரா பவுடரைத் தட்டினான். என்ஜினை ஓடவிட்டு மாமா ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அந்தம் வரை திருப்பினார். ஸ்டியரிங் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அடுத்து அண்ணை காரைச் சந்திவரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். பெடியன் டோர்ச் லைற்றோடு கீழே போனான். "வந்து பாருங்கோ" என்றான். கியர்பொக்ஸுக்குப் பக்கத்தில், நடு டிஃபரன்ஷலுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் மூட்டைச் சுற்றிப் பவுடர் ரோஸ் நிறமாகியிருந்தது.

தாங்கியும் பம்பும் பின்னுக்கு. ஆனால் அந்தப் பம்ப் நெரிக்கிற கிளச் கட்டு முன்னுக்கு, கியர்பொக்ஸோடு. ஒயில் காரின் அடியால் ஒரு நீளக் குழாயில் முன்னுக்குப் போகிறது. குழாயின் படம் கையேட்டில் இருக்கிறது. அதை நாங்கள் பார்த்தோம், மொழிபெயர்த்தும் சொன்னோம். ஆனால் தேடும்போது தாங்கி இருக்கிற இடத்தில் மட்டும் தேடினோம். அமுக்கம் ஏறும்போதுதான் மூட்டு கசிந்தது. நிற்கிற காரில் பெரிய சொட்டு விழவில்லை, கசிந்ததும் கீழ்த்தட்டில் ஏற்கனவே இருந்த ஊத்தையோடு கலந்துவிட்டது. இணையத்தில் வாசித்த உப்புக் கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அதில் பெரும்பாலானவை எவோ 10 பற்றியவை. அந்தக் காரில் பம்ப் பின் சில்லுக்குப் பக்கத்தில் தண்ணியும் உப்பும் படுகிற இடத்தில் இருப்பதால் வருகிற வருத்தம் அது. வேறொருவரின் வருத்தத்தை இந்தக் காருக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஜே.சி.பிக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடையொன்றில் பழைய மூட்டைக் காட்டி, அதே அளவில் புது ஹோஸ் செய்வித்தோம். இனி உள்ளே போன காற்றை வெளியேற்றவேண்டும். காற்று நெரிபடும், ஒயில் நெரிபடாது. குழாய்க்குள் குமிழி இருந்தால் பம்ப் கொடுக்கிற அமுக்கம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். இதற்கு லப்டொப்பைக் காரோடு இணைத்துப் பம்பை ஓடவைக்கிற கேபிள் ஒன்று வேண்டும். அண்ணையின் நண்பர் ஒருவர் அதைக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்.

நாலாம் நாள் முழுக்க அந்த வேலை. பெடியன் காருக்குக் கீழே. நிப்பிளில் தெளிவான ரியூப் ஒன்றை மாட்டி, அதன் மற்ற முனையை ஒயில் ஊற்றிய சோடாப் போத்தலுக்குள் விட்டிருந்தான். எங்களில் ஒருவர் லப்டொப்பில். ஒருவர் கையேட்டைத் தமிழில் சத்தமாய் வாசிக்க. மற்றவர் டிக்கியில் தாங்கியைப் பார்த்துக்கொண்டு, குறையக் குறைய ஊற்ற. தாங்கி ஒருமுறை வற்றினால் காற்று திரும்ப உள்ளே போகும், எல்லாம் முதலிலிருந்து. "திற" என்போம், "திறந்திட்டன்" என்பான். குமிழி வருவதை எண்ணுவான். "பூட்டு", "பூட்டிட்டன்". பின்னேரம் குமிழி இல்லாத சிவப்பு ரியூபில் தொடர்ந்து வந்தது. அந்த நாலு நாளில் நாங்கள் உண்மையாக உதவினது அந்த ஒரு நாள்தான்.

பரந்தன் வரை ஓடிப் பார்த்தோம். லைற் எரியவில்லை. இரவு முழுக்க நிறுத்தி வைத்து விடியப் பார்க்க, ஒயில் நின்ற இடத்தில் நின்றது. ஹோஸுக்கும் ஒயிலுக்கும் கூலிக்குமாக வந்த பில் பம்பின் விலைக்குப் பக்கத்திலும் இல்லை.

அண்ணை போவதற்கு முதல் எங்கள் மூன்று பேரையும் காருக்குப் பக்கத்தில் நிற்கவிட்டு ஒரு படம் எடுத்தார். பெடியன் அப்போது கடைக்குப் போயிருந்தான். அன்று இரவு அந்தப் படம் ஃபேஸ்புக்கில் வந்தது. கம்பஸ் பிள்ளைகள் கையேட்டை வாசித்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தார். கீழே நிறையப் பேர் வாழ்த்தியிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அதற்கு லைக் போட்டோம். 'நாங்கள் இல்லை, அந்தத் தம்பிதான்' என்று எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒருவர் எழுதுவார் என்று மற்ற இருவரும் நினைத்தோம். ஒருவரும் எழுதவில்லை. மூன்று பேராய் இருப்பதில் அந்த வசதி இருக்கிறது.

கம்பஸ் திரும்பத் தொடங்கி இரண்டு கிழமைக்குப் பிறகு அண்ணையின் நண்பர் ஒருவர் எங்களுக்கு போன் எடுத்தார். அவருடைய எவோவிலும் அதே மூன்று லைற். என்ன செய்யலாம் என்று கேட்டார். அன்றைக்குத்தான் கதையை உள்ளபடி சொன்னோம். பிறகு அண்ணைக்கும் எழுதினோம், அவர் பதிவைத் திருத்தினார். பெடியனின் நம்பரை அந்த நண்பருக்குக் கொடுப்பதற்கு முதல் அவனிடம் கேட்டோம்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே அக்கா" என்றான்.

"அவர் தமிழ்தான். கையேட்டில ஏதும் பாக்கவேணுமெண்டா எங்களுக்கு அடி, வாசிச்சுச் சொல்லுறம்."

கொஞ்சம் யோசித்தான். "முதல்ல ஒயில் அளவைக் கோடு கீறி வைக்கச் சொல்லுங்கோ. ஊத்தவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஊத்தினா எங்க போகுதெண்டு தெரியாது" என்றான்.

அப்படியே சொன்னோம்.