உருகுவதன் உரு

நிலையாத பொருளென்று ஒன்றை இகழ்ந்து விடுவாரும் உளர். நிலையாமைபற்றியே அதனை ஊன்றி நோக்குவாரும் உளர். அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னுஞ் சிற்றூரில் உழவராய் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்பார் பின்னவருள் ஒருவர்.

1865-இற் பிறந்த அவர்க்கு இளமையில் அன்னையார் நுண்பெருக்கிக் கண்ணாடியொன்றை அளித்தனர். அதன்வழிப் பனித்துகளின் அறுகோண எழிலைக் கண்டு வியந்தவர், அதனை வரைந்து வைக்க முயன்றார். வரைந்து முடியுமுன் துகள் உருகிற்று. ஆதலின், அக்கண்ணாடியோடு புகைப்படப் பெட்டியை இணைத்து, 1885 சனவரி 15-ஆம் நாள் முதற் படத்தை எடுத்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 19.

அம்முயற்சி எளிதன்று. குளிர் நீக்கப்பெறாத கொட்டிலுள் நின்று, கரும்பலகையில் விழும் பனியை ஏந்தி, சிறு குச்சியால் ஒரு துகளை எடுத்து, கண்ணாடித் தகட்டில் இட்டு, இறகினால் மெல்ல ஒற்றுதல் வேண்டும். மூச்சின் வெப்பம் பட்டாலும் அது கெடும். ஊரார் பலர் இதனைப் பொருட்படுத்திலர். பால்மாடு பேணும் தொழிலை விடாது, பனிக்காலந்தோறும் இதனை அவர் இயற்றிவந்தார்.

இவ்வாறு எடுத்த படங்கள் 5,000-இற்கும் மேற்பட்டன. அவற்றுள் 2,400-இற்கு மேற்பட்டவை 1931-இல் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டு டிசம்பரிலேயே, பனிப்புயலில் நடந்து இல்லம் மீண்ட அவர், நுரையீரல் அழற்சியுற்று 23-ஆம் நாள் உயிர் நீத்தார்.

உருகிய துகள் ஒன்றேனும் மீளாது. எனினும், இமைப்பொழுதே நின்றதொன்றனை ஒருவர் கண்டார் என்பதற்கு அப்படங்கள் சான்றாய் உள்ளன. பொழுதுபோக்கு என்னும் பெயர் அவர் செயற்குச் சிறிதே.