முதுமைப் பெயர்

தொல்காப்பிய மரபியலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பது அதில் வருகின்றன. நாயின் குட்டிக்கு அங்கே குருளை என்று பெயர். அதன்பின் ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கிழட்டு நாய்க்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். முதுமைக்கென்று தனிப் பெயர் வரிசை அங்கே இல்லை என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டேன்.

எங்கள் மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர். வெளியூர்க்காரர்கள் இதனைக் கூட்டுறவு சர்க்கரை ஆலையைக் கொண்டே அறிவார்கள். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை நிறைத்துக்கொண்டு நிற்கும். அவ்வாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஆற்றங்கரைப் பக்கமாகத் தனியே வசித்துவந்தார். மனைவி இறந்த பின் அவருக்குத் துணை இரண்டு நாட்டு நாய்கள்தாம். மணிக்குப் பதினொரு வயது, கருப்பிக்குப் பத்து.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆறு கரைமீறி ஓடிய அந்த இரவில், நாய்களை விட்டு வரமாட்டேன் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். வெள்ளம் வடிந்ததும் மகன் வந்து அவரைச் சென்னைக்கு அழைத்துப்போக முடிவு செய்தார். அந்த வீட்டில் நாய்களுக்கு இடமில்லை.

"தம்பி, குட்டின்னா நாலு பேரு கேப்பாங்க. கெழத்த யாரு கேப்பாங்க?" என்றார் பெரியவர். நான் ஒப்புக்கொண்டேன். எனக்கு நாய்கள்மீது பெரிய பிரியம் எதுவும் இருந்ததில்லை. ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருந்தது.

முதல் வாரம் எல்லாமே தவறாகப் போயிற்று. குளிப்பாட்டினேன். புதுக் கழுத்துப்பட்டை, புதுப் பாய், புதுத் தட்டு, கடையில் விலை கொடுத்து வாங்கிய உணவு. இரண்டும் வாய் வைக்கவில்லை. கருப்பி துவைக்கல்லின் பின்னே போய்ப் படுத்துக்கொண்டது. மணி விடியுமுன் காணாமற்போகும். தேடிச் சென்றால் பூட்டிய பழைய வீட்டின் வாசலில் கிடக்கும். கயிறு கட்டி இழுத்து வருவேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, மணிக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, இனி மோப்பந்தான் அதற்கு வழி என்றார். இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டனுப்பினார். வேறு நோய் எதுவும் இல்லை.

எனக்கு வழி சொன்னவள் இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகள். அவள் வளர்ப்பது நாயன்று, பெர்ரெட். பார்வைக்கு நம் கீரியை நினைவூட்டும், ஆனால் வேறு குடும்பம். முயல் வேட்டைக்கென்று ஐரோப்பியர் பன்னெடுங்காலமாகப் பழக்கி வைத்திருக்கும் சிறு விலங்கு. ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு ஆண்டுகள் வாழும். ஆகவே ஐந்து வயதிலேயே அது கிழம். குட்டியில் பழகிய உணவைத் தவிர வேறெதையும் உணவென்றே ஏற்காத பிடிவாதமும் அதற்கு உண்டு. காப்பகத்திலிருந்து அப்படி வயதான இரண்டை எடுத்து வந்து பட்ட பாட்டில் அவள் கற்றுக்கொண்டதை எனக்குச் சொன்னாள்.

"மாமா, அதுங்க படுத்த பழைய துணியத் துவைக்காம எடுத்துட்டு வாங்க. சாப்பாட்ட மாத்தாதீங்க. ரெண்டையும் பிரிக்காதீங்க. நீங்களாப் போய்த் தொடாதீங்க, அதுங்களா வரட்டும்."

பெரியவர் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன். நெளிந்த அலுமினியத் தட்டு, இரண்டு சாக்குகள், கொடியில் கிடந்த அவருடைய கைலி ஒன்று. அழுக்கு நெடியோடு அப்படியே கொண்டுவந்து திண்ணையோரம் விரித்தேன். அவர் சொன்னபடி சோற்றைக் குழைத்து, காரமில்லாமல் வேகவைத்த மீனை முள் நீக்கிப் பிசைந்து வைத்தேன். அன்றிரவு கருப்பி துவைக்கல்லை விட்டு வெளியே வந்தது. கைலியை வெகுநேரம் முகர்ந்துவிட்டு, அதன்மேல் சுருண்டு படுத்தது. மணியும் வந்து பக்கத்தில் படுத்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கே நிற்க முடியவில்லை.

அப்பா இறந்த பின், 2016இல், கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை இதே வீட்டிற்கு அழைத்து வந்தேன். கயிற்றுக் கட்டில் எதற்கு, அம்மி எதற்கு, அந்தப் பழைய தகரப் பெட்டி எதற்கு என்று எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிடச் செய்தேன். புதுக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டேன். கேழ்வரகுக் களி வேண்டுமென்று கேட்டவளுக்கு மருத்துவர் சொன்ன ஓட்ஸ் கஞ்சியைக் கொடுத்தேன். மாலையானால், "எப்பப்பா ஊட்டுக்குப் போறது?" என்று கேட்பாள். "இதாம்மா வீடு" என்று ஒவ்வொரு நாளும் திருத்திச் சொல்வேன். பதினான்கு மாதங்கள் இருந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார். முதல் தடவை அவர் குரலை நாய்கள் கேட்கட்டும் என்று கைபேசியைத் திண்ணையில் வைத்தேன். மணி வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்து அலைந்து தேடியது. அதைச் சொன்னதும் சற்று நேரம் அவரிடமிருந்து பேச்சில்லை. "இனிமே நா பேசல தம்பி. நீங்க உள்ள போயி நின்னு அதுங்க எப்படி இருக்குதுங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். இப்போதெல்லாம் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

மணி இன்றும் விடியற்காலையில் பழைய வீட்டுக்குப் போகிறது. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போவதில்லை. வெயில் ஏறும் நேரத்தில் தெருவை முகர்ந்து முகர்ந்து தானே திரும்பி வருகிறது. அதற்காக வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.