இறுகப் பிடிக்காதே

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 123ஆம் விதி, பைக்கின் பின்னிருக்கையில் அமர்பவருக்கானது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடுத்திய துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பைக் கடைகளில் சாரி கார்டு என்பார்கள். தேவையான விதிதான். ஆனால் பைக்கில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடமும் அதில் தெரிகிறது: பின்னால் உட்கார், இறுகப் பிடித்துக்கொள், துணியைப் பார்த்துக்கொள்.

சரளைச் சரிவில் ஓட்ட வேண்டுமானால் இந்த மூன்றையும் மறக்க வேண்டும்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலை. உண்மையான சோதனை மேலே, தார் முடிந்து தோட்டங்களுக்குப் பிரியும் மண்பாதைகளில் இருக்கிறது. உருளும் கல், மழை அரித்த பள்ளம், மேலே புழுதி. அங்கே சக்கரம் கொஞ்சம் அலைந்துகொண்டேதான் போகும். பயந்து ஹேண்டில்பாரை இறுக்கினால், அது தானாக நேராவதை நாமே தடுக்கிறோம். காலடிக் கல்லையே பார்த்தால் வண்டியும் அந்தக் கல்லுக்கே போகும்.

இறக்கத்தில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடிக்காமல், என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்த விடவேண்டும். பின்பிரேக் மெதுவாக; முன்பிரேக் இரண்டு விரலால், இன்னும் மெதுவாக. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். ஏற்றத்தில் உடம்பு முன்னால், ஆக்சிலேட்டர் ஒரே சீராக. நடுவழியில் என்ஜின் அணைந்தால் முன்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. பாரமெல்லாம் பின்னால் இருப்பதால், முன்சக்கரம் சுழலாமலே வழுக்கி இறங்கும். கியரில் வைத்தபடி கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

எழுந்து நில், இடுப்பைத் தள்ளு, தூரத்தைப் பார். காலை ஒடுக்கி உட்கார், தலை குனிந்து நட என்று கேட்டு வளர்ந்த உடம்புக்கு இவை வண்டிப் பாடம் மட்டுமல்ல. என் தோள்கள் தளர்வதற்கே பல மாதங்கள் ஆயின.

"பொம்பளப் புள்ள, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போம்மா" என்று வழியில் சொல்வார்கள். அக்கறைதான். ஆனால் பைக்கின் எடை கொஞ்சமல்ல. பின்பிரேக் இருப்பது காலடியில். இறங்கி நடந்தால் எளிதில் கைக்கு எட்டுவது முன்பிரேக் மட்டும். சரளையில் சட்டென்று வழுக்குவதும் அந்தச் சக்கரம்தான். நமக்குப் பாதுகாப்பு என்று சொல்லித்தரப்படுகிற வழி, ஓட்டிப் பார்த்தவர் சொல்லும் வழியாக இருப்பதில்லை.

தெரியாத சரிவு என்றால் வண்டியை மேலேயே நிறுத்திவிட்டுப் பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பேன். எங்கே கல் உருள்கிறது, எந்தப் பக்கம் பள்ளம், எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பேன். சில நாள் இறங்குவேன். மழை விட்ட மறுநாள், மண் செருப்பில் ஒட்டினால், திரும்பிவிடுவேன். "பயந்துட்டியா?" என்று கேட்பவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: "மண்ணு இன்னும் காயல."